முப்பத்து நாலு நடக்கிறது

என்றும் என் நெஞ்சுக்கு நெருக்கமான சவரிமுத்து,

1. இதை எழுதுகிறவன் சிதம்பரநாதன். நாகப்பட்டினம் கோர்ட்டில் வாதாட வக்கீல் சன்னது பெற்றவன். இப்போது சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார வக்கீலின் ஆபீசில் தலைமைக் கிராணி, ஊர்ப்பேச்சில் குமாஸ்தா. உமக்கு நெடுநாள் நண்பன்.

2. நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும் இதை எழுதுகிறேன். யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதுகிறேன் என்றும் வழக்கம்போல் சேர்க்கத்தான் நினைத்தேன். ஆனால் உம் மனைவி மரியம்மாள் தூண்டினார். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

3. கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்வேன். ஊகிக்கும் இடத்தில் ஊகம் என்று சொல்லிவிடுவேன்.

4. ஒரு தரப்பு மட்டும் ஆஜராகும் வழக்கில், வராத தரப்பின் நியாயத்தையும் வந்தவனே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவன். நீர் இனி வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ஆகையால் நமக்குள் முடியாமல் நின்றுபோன வழக்கில் உம் பக்கத்தையும் நானே பேசுகிறேன்.

பரீட்சையில் தேறிவிட்டேன், சவரிமுத்து. தீர்ப்பை முதலில் சொல்லும், காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று அடிக்கடி சொல்வீர் அல்லவா? அதனால் தீர்ப்பு முதலில். காரணம் கொஞ்சம் நீளம். நீர் பொறுமையாகக் கேட்கும் ஆள் அல்ல. இப்போதாவது கேட்பீரா?

உமக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். இந்தக் கடிதத்தை வாரப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அதைப் படிப்பவர்கள் நம் இருவரையும் அறியாதவர்கள்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்து ஜனங்களிடம் விண்ணப்பம் வாங்க லைசென்ஸ் வேண்டும். அரசாங்க அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கம்பெனித் துரை கேள்வி கேட்டு, தேறியவனுக்கே அதைக் கொடுப்பார்கள். நாம் அறிந்த வரையில் தமிழன் ஒருவனும் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்ததில்லை. இந்த முறை தமிழர் யாரும் தேறாவிட்டால், தமிழில் ஏஜெண்டு வைக்கும் யோசனையையே கைவிடுவதாகத் துரை எழுதியிருந்தார். இருவர் விண்ணப்பித்தோம். ஒருவன் போனேன்.

நாம் இருவரும் விண்ணப்பித்த காரணம் ஒன்றல்ல. தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில், கப்பல் சரக்கு இறங்கும் கிட்டங்கியில், நீர் கிராணி. மூட்டை சரிந்தோ கயிறு அறுந்தோ கூலியாள் ஒருவர் தவறிப்போனால், அன்று மாலை அவர் குடும்பத்துக்குக் காசு சேர்க்க வாசலில் துண்டை விரித்து நிற்பவர் நீர்தான். "துண்ட விரிச்சு விரிச்சுத் துண்டே கிழிஞ்சு போச்சு வக்கீலே" என்றீர் ஒருநாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர். அடுத்த வாரம் கம்பெனி ஆபீசின் படியேறி விண்ணப்பம் கேட்டு வந்தீர், உமக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

எனக்கு வேறு ஆசை இருந்தது. என் சன்னது கடல் தாண்டினால் செல்லாது. இந்த ஊரில் நான் எழுதும் உயிலும் பத்திரமும் என் ஆபீஸ் வக்கீல் துரையின் பெயரில்தான் வெளியே போகின்றன. வரிக்கு வரி என் எழுத்து. அடியில் மட்டும் அவர் கையெழுத்து. முறை அதுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு காகிதத்தில், இதற்கு நான் பொறுப்பு என்று என் பெயரை இட வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்தது. லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு விண்ணப்பத்தின் அடியில் தன் பெயரை எழுத வேண்டும் என்று நீர் சொன்ன மறுநொடியே நான் சம்மதித்தேன். அந்தக் காரணத்தை உம்மிடம் நான் சொன்னதில்லை. உமக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீர் வருவீர். வீட்டில் பிள்ளைகள் சத்தம், தெருவில் பால்காரர்களும் எருமைகளும். கடைசியில் நாம் கண்டுபிடித்த பள்ளிக்கூடம் குதிரைப் பந்தய மைதானம். பந்தயம் இல்லாத நாளில் அங்கே புல்லையும் காற்றையும் தவிர ஒன்றும் கிடையாது. கம்பெனி இரவல் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துத் தமிழில் சொல்வேன். நீர் புல்லில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பீர். தூங்குகிறீரோ என்று நான் நிறுத்தினால், சொன்ன கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொல்வீர்.

இன்ஷூரன்ஸுக்கும் சூதாட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்ற பாடத்தை அந்த மைதானத்தில் உட்கார்ந்து படித்த இருவர் நாமாகத்தான் இருப்போம். யாருடைய உயிர் போனால் நமக்கு உண்மையான நஷ்டமோ, அந்த உயிர்மேல் மட்டுமே இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். வழியில் போகிறவன் உயிர்மேல் எடுத்தால் அது பந்தயம், சட்டத்தில் செல்லாது. இதை நான் நாலு விதமாய் விளக்கினேன். நீர் தூரத்தில் குதிரை நடத்திக்கொண்டிருந்தவரைக் காட்டினீர். "அந்தக் குதிர விழுந்தா குதிரக்காரன் அழுவான். பந்தயங்கட்டினவன் திட்டுவான். அழுவுறவனுக்கு இன்ஷூரன்ஸு உண்டு, திட்டுறவனுக்கு இல்ல. இதுக்குப் போயி நாலு பக்கமா எழுதியிருக்கான்?" என்றீர். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது, சவரிமுத்து. துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்போது திட்டுகிறவனைக் கொஞ்சம் மரியாதையாக்கிச் சொன்னேன். துரை தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு அந்த ஆயுள் அட்டவணை. அதை முதலில் பிரித்த நாளில் நாம் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். மேலே ஒரு பெருங்கூட்டம் ஒரே வயதில் நிற்கிறது. ஒவ்வொரு வரியிலும் வயது ஒன்று ஏற, கூட்டம் கொஞ்சம் குறைகிறது. பக்கத்தின் அடியில் சிலர். அதற்குக் கீழே வெற்றுத் தாள். யார் குறைகிறார் என்று அது சொல்லவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறது. ஒருவன் நாளை இருப்பானா என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது. பெரிய கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கமாட்டார்கள் என்று சீமையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் எழுதிவிட்டார், அதுவும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது என்றால், அதை என்னவென்று சொல்வது? கோர்ட்டில் வாழ்நாளைக் கழித்தவன் நான். மனிதர் எழுதிய எந்தக் காகிதத்தின் முன்னும் எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. நீர் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, "மூடி வையும், சாமி பாக்குற கணக்க நம்ம பாக்கக்கூடாது" என்றீர். அடுத்த ஞாயிறு நீரே திறந்து பார்த்தீர்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். வயதைக் கேட்டால் நம் ஜனங்கள் நடக்கிற வயதைச் சொல்வார்கள். முப்பத்து மூன்று நிறைந்து அடுத்த ஆண்டு ஓடிக்கொண்டிருந்தால், முப்பத்து நாலு நடக்கிறது என்பார்கள். சட்டம் நிறைந்த வயதைத்தான் கேட்கும். ஆகவே ஒன்றைக் கழித்து முப்பத்து மூன்று என்று எழுத வேண்டும் என்பது என் வாதம். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது உம் வாதம். "ஆத்தா சொல்லிக்குடுத்த வயச அவன் சொல்றான். அதுல ஒண்ணக் கழிக்க நீரு யாரு?" என்று கேட்டீர். சட்டம் என்றேன். "சட்டத்துக்கு என்ன வயசாம்?" என்றீர். புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தைப் பரீட்சை அன்றுதான் கண்ணில் காட்டுவார்கள் என்றார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல என்பது நம் இருவருக்கும் தெரியும். வயதைக் குறைத்து எழுதிய பாலிசியை, ஆள் போன பிறகு கம்பெனி பொய் வாக்குமூலம் என்று தள்ளலாம். அப்போது அந்தப் பெண்சாதி யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? ஏஜெண்டு வீட்டுக் கதவை. அந்த ஞாயிறு நாம் தீராமலே எழுந்தோம். அடுத்த வாரம் தீர்த்துக்கொள்ளலாம் என்றீர்.

அடுத்த வாரம் உமக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் உம்மைப் பிடாடாரிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனோம். நான் சைவன். ஜெபத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், மற்றவர் முழங்காலிட்டபோது நானும் இட்டேன். உம்மேல் பாலிசி எதுவும் இல்லை. லைசென்ஸ் வந்ததும் முதல் பாலிசி உமக்கு என் கையால், இரண்டாவது எனக்கு உம் கையால் என்று பேசி வைத்திருந்தோம். அந்த ஒழுங்கு எவ்வளவு நியாயமாய்ப் பட்டது அப்போது.

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். உம் வயதுக்கான வரி. அதற்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு சிறு குறைவு. அந்தக் குறைவுக்குள் நீர் இருக்கிறீர். அதை எழுதியவர்கள் உம்மைப் பார்த்ததில்லை. நாம் குடியிருக்கும் சிராங்கூன் சாலை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் உமக்கென்று ஓர் இடத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பெரிய கோயில் கோபுரத்தின் அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள், பரீட்சைக்கு வர இயலாது என்று கம்பெனித் துரைக்கு எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது வாசலில் கருப்பையா வந்து நின்றார். பத்திரிகை படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்டாங் கெர்பாவில் மாட்டு வண்டிகளுக்கெல்லாம் அவர் மேஸ்திரி. பரீட்சைக்கு வருகிறவன் தன் ஜனத்தில் ஒருவரைக் கூட்டிவந்து, துரை முன்னாலேயே கேள்வி கேட்டு விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். அதற்காக நீர் பேசி வைத்திருந்த ஆள் அவர். அவரைப் பார்த்துத்தான் மற்ற வண்டிக்காரர்களும் பால்காரர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பரீட்சை எனக்கு இல்லை, மேஸ்திரி, நீங்கள் போகலாம் என்றேன். அவர் போகவில்லை.

"கிராணியார் கூப்பிட்டாரு, வர்றேன்னு சொன்னேன். அவரு போயிட்டாருங்க. நான் சொன்ன சொல்லு போகலையே" என்றார்.

எழுதிய பாதிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பரீட்சை நடந்த இடத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். ஆற்று முகத்தில் மூன்று மாடிக் கட்டிடம். மேல் மாடியில், கூரையிலிருந்து தொங்கும் பங்கா விசிறி ஆடுகிறது. ஜன்னலுக்கு வெளியே கடல் முழுதும் கப்பல்கள், அவற்றுக்கு நடுவே தொங்கான் படகுகள். துரை ஒரு பக்கம், அரசாங்க அதிகாரி ஒரு பக்கம், நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷியாக யாழ்ப்பாணத்து நாகலிங்கம். கோர்ட்டில் எத்தனையோ முறை பார்த்தவர்தான்; அன்று என்னை அறியாதவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதுதான் முறை. கருப்பையா வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி உடைந்துவிடும் என்று பயந்தாராம், பிறகு சொன்னார்.

கேள்விகள் இரண்டு மணி நேரம். அவற்றில் நான் தடுமாறவில்லை. மைதானத்தில் நீர் என்னைத் தடுமாற வைத்த அளவுக்கு அந்தத் துரையால் முடியவில்லை. அதன் பிறகு, பாலிசியின் உடன்படிக்கையை இவருக்கு இவர் பாஷையில் சொல் என்றார்கள்.

அங்கேதான் சிக்கினேன். எதிரே உயிரோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? காலப்போக்கில், ஒருவேளை, ஏதாவது ஆகிவிடும் பட்சத்தில் என்று இழுத்தேன். கருப்பையா குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏதாச்சும்னா என்னங்க? வண்டி கவுந்தாவா? செத்தான்னு சொல்லுங்க சாமி. நீங்க சொன்னதுக்காவ நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்."

நாகலிங்கம் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். இரண்டு துரைகளும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து, நீங்கள் செத்தால், என்று தொடங்கி முடித்தேன். சொல்லி முடித்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. இவரைப் பார்த்திராத மனிதர்கள், கடலுக்கு அப்பால் ஒரு குளிர்ந்த ஊரில், இந்த வண்டி மேஸ்திரி போன பிறகும் அவர் மனைவிக்கு ஒரு வாக்கைக் காப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வாக்கு என் வாய் வழியாகப் போகிறது. தமிழில் போகிறது.

அதன்பின் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். பெயர், தொழில், இருப்பிடம் எழுதினேன். அடுத்தது வயது. துரை இங்கிலீஷில், அடுத்த பிறந்த நாளில் இவருக்கு எத்தனை வயது ஆகும் என்று கேட்டார். நாகலிங்கம் அதைச் சுருக்கி, "மேஸ்திரி, உங்களுக்கு எத்தினை வயசு?" என்றார்.

"முப்பத்து நாலு நடக்குதுங்க."

நாகலிங்கம் துரையிடம் திரும்பி, முப்பத்து மூன்று என்றார்.

நானும் பேனாவை முப்பத்து மூன்று எழுதத்தான் கொண்டுபோனேன். ஒரு தமிழன் வயதைச் சொன்னால் ஒன்றைக் கழிப்பது எனக்கும் அவருக்கும் கோர்ட்டு கொடுத்த பழக்கம். மை தாளைத் தொடும் முன், ஒரு பத்திரத்தின் ஷரத்தைப் படிப்பதுபோல் கட்டத்தின் தலைப்பை மூன்று முறை படித்தேன். நிறைந்த வயது என்று அதில் இல்லை. அடுத்த பிறந்த நாளில் வயது என்று இருந்தது. முப்பத்து மூன்று நிறைந்து, முப்பத்து நாலு நடக்கிற ஒருவருக்கு அடுத்த பிறந்த நாளில் எத்தனை வயது?

முப்பத்து நாலு என்று எழுதினேன்.

துரை எட்டிப் பார்த்தார். துபாஷி முப்பத்து மூன்று என்றாரே, நீ ஏன் மாற்றினாய் என்று கேட்டார். அரசாங்க அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்தார். சவரிமுத்து, என்னை உமக்குத் தெரியும். அரசாங்கத் துபாஷியை அரசாங்க அதிகாரி முன் மறுத்துப் பேசும் சுபாவம் என்னிடம் இல்லை. ஒற்றைச் சொல்லில், மன்னிக்க வேண்டும் என்று திருத்தியிருந்தால் பரீட்சை அங்கேயே நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பாலிசி பிறக்கும்போதே ஒரு பொய்யோடு பிறந்திருக்கும். அதன் அடியில் என் பெயர் இருந்திருக்கும்.

துபாஷி சொன்னது தவறல்ல என்று தொடங்கினேன். அவர் சென்ற பிறந்த நாளுக்குப் பதில் சொன்னார், படிவம் வரப்போகிற பிறந்த நாளைக் கேட்கிறது என்றேன். துரை, அதற்கு என்ன ஆதாரம் என்றார். நான் கருப்பையாவிடம் அவர் பிறந்த வருஷத்தைக் கேட்டேன்.

"தாது வருசம், தை மாசம், பூசத்துக்கு மறுநாளு. பஞ்சத்துல பொறந்தவன். அதான் சாமி, இன்னும் பசி அடங்கல."

துரை முன்னிலையில் விரலை மடக்கி எண்ணினேன். ஈஸ்வர, வெகுதானிய, பிரமாதி, விக்கிரம, விஷு. கருப்பையாவும் தன் பெரிய விரல்களை மடக்கிக்கொண்டு என்னோடு சேர்ந்து சொன்னார். ஒரு கட்டத்தில் நாகலிங்கமும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்த உயர்ந்த மாடியில், பங்காவின் கீழ், நம் வருஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெயரோடு வந்து நின்றன. இரண்டு துரைகளும் மந்திரம் கேட்பவர்கள்போல் அசையாமல் இருந்தார்கள். எண்ணிக்கை இப்போது நடக்கும், சாதாரண என்று பெயருள்ள வருஷத்தில் வந்து நின்றது; அதன் தையில் முப்பத்து நாலு நிறைகிறது. இப்போது ஆவணி. ஆகவே நடப்பது முப்பத்து நாலு. அடுத்த பிறந்த நாளில் ஆவதும் முப்பத்து நாலு.

நாகலிங்கம் எழுந்து நின்றார். துரையிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்: "ஓம், நீங்கள் எழுதினதுதான் சரி. கோட்டிலை ஒண்டைக் கழிச்சுச் சொல்லிச் சொல்லி, அந்தப் பழக்கத்திலை வந்திட்டுது. இஞ்சை கழிக்கத் தேவையில்லை."

துரை நாற்காலியில் சாய்ந்தார். எங்கள் கம்பெனிகள் ஏன் அடுத்த பிறந்த நாளைக் கேட்கின்றன என்று எனக்கே ஒருவர் விளக்க வேண்டியிருந்தது, உங்கள் வண்டிக்காரர்கள் அதைப் பிறந்ததிலிருந்தே செய்கிறார்களா என்றார். ஆம் என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் அதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குளிர்தேசத்தில் பெருங்கூட்டத்தின் சாவை எண்ணியவர்களும், பஞ்சத்தில் பிள்ளை பெற்ற ஒரு தாயும், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே விதமாய் எண்ணியிருக்கிறார்கள். மனிதன் எந்த ஆண்டுக்குள் நிற்கிறானோ அதுதான் அவன் வயது என்று. சட்டம் கற்ற நான் முடிந்ததை மட்டும் எண்ணப் பழகினேன். அது கோர்ட்டில் சரி. இப்போதும் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு உம் பக்கம். நீர் சொன்ன காரணம் சட்டத்தில் நிற்காது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

அன்று மாலையே லைசென்ஸில் துரை கையெழுத்திட்டார். கருப்பையாவின் விண்ணப்பத்தில், விண்ணப்பம் பெற்றவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன். நாலு எழுத்து எழுதியதும் நின்று பார்த்தேன். வேறொருவர் பெயர்போல் இருந்தது. கருப்பையா பொறுமையாகக் காத்திருந்து, "மீதியையும் எழுதிருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

இருவரும் டிராமில் சிராங்கூன் சாலைக்கு வந்து, நேரே உம் வீட்டுக்குப் போனோம். மரியம்மாள் தேவாலயத்துப் பீடத் துணிகளைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலையை அவர் ஏற்றிருக்கிறார். நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அவர் பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப அவுக சொன்னதுதான் சரி?" என்றார்.

சரிதான் என்றேன்.

"அப்ப அவுக கல்லறச் சிலுவையில ஏன் நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு? அவுகளுக்கு நாப்பத்திரெண்டு நடந்துச்சு."

தேவாலயப் பதிவு நிறைந்த வயதைக் கொள்கிறது, அதுவும் முறைதான் என்று விளக்கினேன். அவர் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அந்தக் கடைசி வருசத்துல அவுக இருந்தாகளா, இல்லையா? மூத்தவளுக்கு நற்கருணை வாங்கி வச்சாக. கூரையப் பிரிச்சு வேஞ்சாக. வாராவாரம் உங்களோட மைதானத்துல போயிப் படிச்சாக. அதெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?"

கருப்பையா தரையைப் பார்த்தார். நான் எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வினாக்கள் எழுதிக் கொடுத்தவன். மரியம்மாளின் கேள்வி முடிந்ததும் கையிலிருந்த லைசென்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இந்தா, வயசு எழுத உங்களுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாகள்ல. எழுதுங்க" என்றார்.

சிலுவை என் லைசென்ஸுக்குள் வராது என்றேன். அவர் சிரித்தார், சவரிமுத்து. நீர் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. இதையெல்லாம் அவுகளுக்கு எழுதிப் போடுங்க, நாலு பேரு படிக்கட்டும் என்றார். இரண்டாம் இலக்கத்தில் நான் சொன்ன தூண்டுதல் அதுதான்.

பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் தமிழ் நன்றாகப் பேசும் பிரெஞ்சுக்காரர். பதிவேட்டைத் தொட வேண்டாம், அது தேவாலயத்தின் கணக்கு; சிலுவை குடும்பத்துடையது, குடும்பம் எப்படி எண்ணுகிறதோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதை ஒரு காகிதத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆகவே கீழ்க்கண்டவாறு வாக்களிக்கிறேன். உம்மை நம்பி வருவதாகச் சொன்னவர்களில் நாலு பேரிடம் விண்ணப்பம் வாங்கியாயிற்று, மற்றவர்களிடமும் போவேன். ஒவ்வொருவரையும் பிறந்த வருஷமும் மாதமும் கேட்டு, அவர் எந்த ஆண்டில் நிற்கிறாரோ அதை எழுதுவேன். சாவை மென்று விழுங்காமல் சொல்வேன்.

கல்லறைத் திருநாளன்று, உம் வீட்டார் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் கொண்டுவரும்போது, நான் வெள்ளைச் சாயமும் கறுப்புச் சாயமும் ஒரு மெல்லிய தூரிகையும் கொண்டு வருவேன். சாயக்காரர் வேண்டாம், நீங்களே எழுதுங்கள் என்று மரியம்மாள் சொல்லிவிட்டார். ஒன்று என்ற இலக்கத்தின்மேல் வெள்ளை பூசுவேன். அது உலரும்வரை உம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிறகு இரண்டு என்று எழுதுவேன். மூத்தவளுக்கு நற்கருணை வாங்கி வைத்த வருஷம், கூரை வேய்ந்த வருஷம், புல்லில் சாய்ந்து என்னோடு வழக்காடிய வருஷம்: அது நடந்தது, அதில் நீர் இருந்தீர்.

இங்ஙனம்,
உம் மக்களுக்குச் சித்தப்பனும் உமக்கு உடன்பிறவாச் சகோதரனுமாகிய
சிதம்பரநாதன்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
சாதாரண வருஷம், புரட்டாசி மாதம்

மேற்கண்டதை வாசிக்கக் கேட்டு, உண்மை என்று ஒப்பிய சாட்சிகள்:
மரியம்மாள், சவரிமுத்துவின் மனைவி (சிலுவைக் குறி)
கருப்பையா, வண்டி மேஸ்திரி, கண்டாங் கெர்பாவ் (இடது பெருவிரல் ரேகை)